பிஸ்கட் டின்னில் சீமைக்குப் போன மொக்கையன்

எங்கள் நாவல்பாறை எஸ்டேட்டில் சீமைக் கடற்கரையைப் பார்த்துவிட்டு வந்தவள் ஒருத்திதான். பெயர் அழகுத்தாய். கூலிக்காரர்களின் லயத்து வரிசையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு, "சீமைக் கடல் எப்படித்தா இருந்துச்சு?" என்று கேட்பார்கள். "பனிதான். நம்மூரு பனி மாதிரியே" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. திமிர் பிடித்தவள் என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். அந்த வாய்களைத் தைத்துவிட வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வரும்.

அவள் புருஷன் மொக்கையன். ஐம்பத்திரண்டாம் வருஷம் நிழல் மரத்தில் கிளை கழிக்க ஏறியவன், கிளையோடு சேர்ந்து கீழே வந்தான். எங்கள் பக்கம் பெரும்பாலும் புதைப்பதுதான். ஆனால் அவனுடைய ஆத்தா பெரியம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. "இவன் அப்பனை எரிச்சுத் திருச்செந்தூர்க் கடல்ல கரைச்சோம். எம்புள்ளையும் அங்கதான் போகணும்" என்று நின்றுவிட்டாள். கொட்டுகிற மழையில் ஈர விறகை வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. எலும்பைப் பொறுக்கி ஒரு மண் கலயத்தில் போட்டு வாயைத் துணியால் கட்டினோம். எலும்பைச் செத்தவன் வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது, அதைக் கையில் வைத்திருப்பவரும் வாசல்படி தாண்டக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அதனால் லயத்துக்குப் பின்னால் இருந்த கொய்யாமரத்தில் கலயத்தைக் கட்டித் தொங்கவிட்டார்கள்.

அன்றைக்கே பெரியம்மாள் சோற்றை விட்டாள். மகன் கடலில் கரைகிற வரைக்கும் அரிசி தொடமாட்டாளாம். கேப்பைக் கூழும் மரவள்ளிக் கிழங்கும்தான். சாயங்காலமானால் பின்பக்கம் போய் நின்றுகொண்டு, "எம்புள்ள மரத்துல தொங்குதானே, யாராச்சும் எறக்கி விடுங்களேன்" என்று புலம்புவாள். பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு அதைக் கேட்டபடி சாப்பிடுவது எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

மொக்கையனுக்குப் பிள்ளை கிடையாது. பெண்டாட்டிதான் கரைக்க வேண்டும். அழகுத்தாய் லீவு கேட்டாள். கொழுந்து மும்முரம், அப்புறம் பார்க்கலாம் என்றான் கண்காணி. அடுத்த தடவை கேட்டபோது, போனால் பேர் வெட்டுவேன், வீட்டைக் காலி பண்ணு என்றான். அதற்குள் பங்களாவில் துரையின் பிள்ளைகளுக்கு ஆயாவாக அவளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். பங்களா ஆயாவுக்கு லீவு என்ற பேச்சே இல்லை.

ஐம்பத்து நாலில் துரை குடும்பத்தோடு ஆறு மாதம் சீமைக்குப் போவதென்று ஏற்பாடானது. பிள்ளைகள் ஆயா இல்லாமல் சாப்பிடாது, தூங்காது. துரைசாணி இவளையும் வரச் சொன்னாள். போகிற இடத்தில் கடற்கரை உண்டு என்று கேட்டதும் பெரியம்மாளுக்குப் போன உயிர் திரும்பியது.

"அத்தே, அது அந்நிய தேசம்ல?"

"கடல்ல என்னளா நம்ம கடலு, அந்நியக் கடலு? எல்லாம் ஒரே தண்ணிதான். இடுப்பளவுக்கு எறங்கி நின்னு, திரும்பிப் பாக்காம தோளுக்கு மேல விட்டுட்டு, மூணு முங்கு முங்கிட்டு வா."

கலயம் கப்பலில் உடைந்துவிடும் என்று பயந்து, பங்களாவில் கிடந்த பிஸ்கட் டின் ஒன்றில் எலும்பை மாற்றினார்கள். உயிரோடு இருந்தபோது மூணாறு கடைத்தெருவைத் தாண்டாத மொக்கையன் இப்படித்தான் சீமைக்குக் கப்பலேறினான்.

போகும் வழியெல்லாம் கடல்தானே, கப்பலிலிருந்தே விட்டிருக்கலாமே என்று என் பெண்டாட்டி பிற்பாடு கேட்டாள்; அவளிடம் மட்டும்தான் அழகுத்தாய் வாய் திறந்தாள். "தண்ணில நின்னு முங்காம மேலருந்து வீசுனா அது குப்பை கொட்டுறது மதினி" என்றாளாம் அழகுத்தாய். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

சீமையின் வடக்குப் பக்கம் ஒரு கடற்கரைப் பட்டணம். கோடைக்காலம் என்று பேர், ஆனால் குளிரில் பல் தந்தியடித்ததாம். கடலுக்கும் ரோட்டுக்கும் நடுவே கல் சுவர், இறங்கப் படிகள். துரைசாணியின் பழைய கம்பளிக் கோட்டைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு இவள் சாயங்காலங்களில் மட்டும் பிள்ளைகளோடு போவாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அந்த வேளையில் தண்ணீர் சுவரில் வந்து அடிக்கும். ஆனால் கூடவே துரைசாணியும் இருப்பாள். ஒரு மணி நேரம் தனியாக விடச்சொல்லி இவள் கேட்டாள். துரைசாணிக்குத் தெரிந்த தமிழ், வா, போ, சீக்கிரம், நாளைக்கு என்பதுதான். நாளைக்கு என்றாள். மறுநாளும் நாளைக்கு என்றாள்.

அந்த ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் துரைசாணிக்குத் தலைவலி. பிள்ளைகளை இவளோடு அனுப்பினாள். இதுதான் சமயமென்று டின்னைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு போனாள். கண் தெரியாத பனி. படியில் இறங்கிப் பார்த்தால் கடலைக் காணோம்.

நான் சிரிக்கவில்லை, நீங்களும் சிரிக்காதீர்கள். மலையிலேயே பிறந்து வளர்ந்தவள். கப்பலேறும் வரைக்கும் அவள் பார்த்த தண்ணீரெல்லாம் ஓடைத் தண்ணீரும் அணைத் தண்ணீரும். நேற்றுச் சாயங்காலம் சுவர்வரை நின்ற கடல் இன்று காலை எழுந்து போய்விடும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? பனி மறைக்கிறது, கொஞ்சம் நடந்தால் தண்ணீர் வந்துவிடும் என்று நினைத்தாள். பிள்ளைகளைப் படியில் உட்காரவைத்தாள். மூத்த பெண், துரை வீட்டுப் பிள்ளைதான் என்றாலும், ஆயா வளர்த்ததால் நம் தமிழ்தான் பேசும்.

"ஆயா, எங்க போறே?"

"இந்தா வந்துடுறேன் தங்கம். தம்பி கைய விட்டுடாத."

நடந்தாள். ஈர மண்தான். கணுக்கால் நனைய அங்கங்கே குட்டை. அலைச் சத்தம் கேட்கிறது, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போனவளுக்குப் பின்னாலிருந்து சின்னவன் அழும் சத்தம் காதில் விழுந்தது. திரும்பினாள். சுவரையும் காணோம். 

மண்ணைத் தோண்டித் தூண்டிலுக்குப் புழு எடுத்துக்கொண்டிருந்த ஒரு ஆள்தான் அவளைக் கைப்பிடித்துக் கரைக்குக் கூட்டிவந்தான். பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாயோடு உலாவ வந்த கிழவர் ஒருவர் அவற்றைத் துரை குடும்பம் தங்கியிருந்த ஓட்டலில் சேர்த்துவிட்டிருந்தார். "ஆயா கடலைத் தேடிப் போச்சு" என்று மூத்தது துரையிடம் சொல்லியிருக்கிறது. துரைசாணி இவளைக் கண்டதும் கோட்டைப் பிடித்து உலுக்கினாள். டின் கீழே விழுந்து மூடி திறந்துகொண்டது. மொக்கையன் தரையில் சிந்தினான். துரைசாணி மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள்.

துரைக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். எல்லாம் கேட்டுவிட்டு, "பைத்தியக்காரி, கடல் எங்க போவும்? எறங்கும், ஏறும். சாயங்காலம் வரைக்கும் படியில குந்தியிருந்தா ஒன் காலுக்கே வந்திருக்கும்" என்றார்.

"அப்ப சாயங்காலம் ஒருக்கா போயிட்டு வந்துடுறேன் துரையே."

"இனிமே ஒன்னய நம்பி வெளிய விட முடியாது."

அறையைப் பூட்டினார்கள். சாயங்காலம் பனி விலகியது. ஜன்னல் வழியே பார்த்தாள். துரை சொன்னது பொய்யில்லை. கடல் படியில் ஏறி நின்றது. சிந்தியதை அள்ளிப் போட்ட டின்னை மடியில் வைத்துக்கொண்டு, வெளிச்சம் மங்குகிற வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். அந்த வாரமே, நம்மூருக்குத் திரும்பிய வேறொரு துரை குடும்பத்தோடு அவளைக் கப்பலேற்றிவிட்டார்கள்.

இங்கே நடந்தது அதைவிடக் கொடுமை. கப்பல் சீமைக்குப் போய்ச் சேர்ந்து மாசமாகிறது என்று கண்காணி போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனான். அப்படியானால் மகன் இந்நேரம் கரைந்திருப்பான் என்று பெரியம்மாள் முடிவு கட்டிவிட்டாள். அன்றே உலை வைத்தாள். எங்களையும் கூப்பிட்டு இலை போட்டாள். ரெண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் கவளம் சோற்றை வாயில் வைத்தவள், "எம்புள்ள எறங்கிட்டான்" என்று அழுதுகொண்டே தின்றாள். நாங்களும் வயிறாரச் சாப்பிட்டோம்.

அழகுத்தாய் கொச்சியில் இறங்கியதும், எஸ்டேட்டுக்கு வரும் லாரியில் ஏற்றிவிட்டார்கள். ஒரு நிமிஷம் கடலுக்குப் போய்வருகிறேன் என்று டிரைவரிடம் கெஞ்சியிருக்கிறாள். "சீமையில பாத்த கடல் போதாதாக்கும்?" என்று சொல்லிவிட்டு அவன் வண்டியை எடுத்தான்.

அவள் லயத்துக்கு வந்து சேர்ந்தபோது சாயங்காலம், நல்ல பனி. நான் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். தலையில் மூட்டை, இடுப்பில் டின். வீட்டு வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றாள்.

"ஏளா, வந்துட்டியா! உள்ள வா. ஏன் வாசல்லயே நிக்கே?" என்று உள்ளேயிருந்து வந்தாள் பெரியம்மாள்.

அழகுத்தாய் படியேறவில்லை. பெரியம்மாள் மருமகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்த டின்னைப் பார்த்தாள்.

"அப்ப நான் தின்ன சோறு?" என்றாள்.

டின்னைக் கொய்யாமரத்திலேயே கட்டினார்கள். அழகுத்தாய் மறுபடி கொழுந்துக்குப் போனாள். திருச்செந்தூருக்கு லீவு கேட்டபோது, சீமைக்கே போய் ஊர்சுத்தி வந்தவளுக்கு இன்னொரு லீவா என்று கண்காணி சிரித்தான். அவன் மண்டையில் இடி விழாதா என்று நான் வேண்டாத சாமியில்லை, விழவில்லை.

பெரியம்மாள் அந்தச் சாயங்காலமே சோற்றுப் பானையைக் கவிழ்த்துவிட்டாள். அடுத்த மழைக்காலத்தில் செத்துப்போனாள். அந்தப் பானை கவிழ்ந்த பிறகு அவள் வாய்க்குள் போன அரிசி, அழகுத்தாய் போட்ட வாய்க்கரிசிதான்.