லத்தியை வெளியே வைத்தவர்

போர்ட் பிளேர் சிறைக்கு நான் நர்ஸாகப் போய்வந்த காலத்தில் அங்கே ஒரு வார்டர் இருந்தார். பருத்த உடம்பு, நரைத்த மீசை. கைதி யாராவது வெறிகொண்டு கத்தினால், லத்தியை வெளியே வைத்துவிட்டு உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்துவிடுவார்.

ஒருநாள் மாயாபந்தர் ஊர்க்காரக் கைதி ஒருவன் சுவரில் தலையை முட்டி, ரத்தம் வழிய நின்றான். யாரையும் நெருங்கவிடவில்லை. வார்டர் உள்ளே போய் உட்கார்ந்து, "பைட்டோ பாய்" என்று அவனையும் உட்காரச் சொன்னார். அவன் வீசிய தட்டு அவர் நெற்றியைக் கிழித்தது. அவர் எழவில்லை. கொஞ்ச நேரத்தில் அவனும் உட்கார்ந்து அழுதான். என்னைக் கட்டுப்போட விட்டான்.

வெளியே வந்ததும், "அடிக்க வர்றவன் முன்னாடி இப்படி உக்காரலாமாண்ணே?" என்றேன்.

"நின்னா திருப்பி அடிச்சிருவேம்மா. முன்னெல்லாம் அடிச்சவன்தான் நான்."

அவர் நெற்றிக்கு நான் மருந்து வைத்து முடிக்கும்வரை இரண்டு கைகளையும் தொடைக்கடியில் அழுத்தி வைத்திருந்தார். பயமா, அடக்கிய கோபமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.