அசுரனுக்கு எந்த நிறம்

இருபத்தொன்பது வயதில், இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பனான பிறகு, துணிக்குப் போடுகிற நீலத்தைக் குழைத்து என் மார்பிலும் வயிற்றிலும் நானே பூசிக்கொண்டிருக்கிறேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. விவரம் தெரிந்த இரண்டு பேர் வேண்டாமென்று தடுத்தார்கள். அவர்கள் தடுத்த காரணத்தால்தான் பூசிக்கொண்டேன்.

ஐம்பதுகளின் நடுவில் பெங்களூரில் ஓர் அலுவலகத்தின் மனுக்கள் பிரிவில் எனக்குக் குமாஸ்தா வேலை. நாள் முழுக்க மொட்டைக் கடுதாசி படிக்க வேண்டும். எந்தக் கடுதாசியை எடுத்தாலும் மூன்றாவது வரியில் ஒரு மச்சான் வந்துவிடுவார். குழாய் போட்டவர் இன்ஜினியரின் மச்சான், குழாயை உடைத்தவர் மேஸ்திரியின் மச்சான் என்று போகும். ஏழு வருஷம் இதையே படித்தவனுக்கு உலகமே மச்சான்களால் ஆனது என்று தோன்றிவிடும். எனக்குத் தோன்றிவிட்டது.

அலுவலக நாடகக் குழுவில் வில்லன் வேஷத்துக்கு இரண்டு பேர் இருந்தோம். ஒருவன் நான். மற்றவன் தபால் பிரிவில் வேலை பார்த்த நண்பன். மதராஸில் ஒரு படக் கம்பெனி புராணப் படம் எடுப்பதாகவும், அசுரர்களாக நடிக்கப் புது ஆட்கள் வேண்டுமென்றும் செய்தி வந்தது. அசுர வேஷத்தில் எடுத்த புகைப்படம் சனிக்கிழமைக்குள் அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். ராஜினாமாக் கடிதத்தின் முதல் இரண்டு பத்திகளை மனதுக்குள் எழுதி முடித்துவிட்டேன். இனி மனுக்களைப் படிக்கப் போகிறவனை நினைத்து எனக்கு இரக்கம்கூட வந்தது.

நண்பன் எனக்கு முன்பே படம் எடுத்து அனுப்பிவிட்டான். "எனக்கு மேக்கப் போட்டவர்கிட்டயே நீயும் போப்பா. கை சுத்தமான ஆளு" என்றான். போட்டிக்கு நிற்பவன் வலிய வந்து நல்லது சொன்னால் என்ன அர்த்தம்? மறுநாள் ஓட்டலில் அவனும் அந்த ஒப்பனைக்காரரும் ஒரே காபியை பை-டூவாகப் பங்கிட்டுக் குடித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். பை-டூ காபி, சட்டென்று மௌனம். மச்சான்தான் என்று முடிவு கட்டினேன். ஆனால் புதன்கிழமையாகிவிட்டது, வேறு ஒப்பனைக்காரருக்கு எங்கே போவது?

போட்டோ ஸ்டூடியோ காக்ஸ் டவுனில், போட்டோக்காரரின் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் ஆர்மோனியம் வாசிக்கிற, பொய் சொல்லத் தெரியாத முகம் கொண்ட மனிதர். அந்த முகத்தின் மேலும் எனக்குச் சந்தேகம் இருந்தது.

ஒப்பனைக்காரர் தகரப் பெட்டியைத் திறந்து காவிக்கல்லை உரசிக் குழைத்தார். ரத்தச் சிவப்பு. மார்பில் தொடங்கி வலது கை வரைக்கும் பூசி, தோள்வளையை இறுக்கிக் கட்டினார். உதட்டுக்கு வெளிர் மஞ்சள் எடுத்தார்.

"அசுரன் நீலமா இல்ல இருக்கணும்? உதடு சிவப்பு. எந்தக் காலண்டர்ல வேணும்னாலும் பாருங்க" என்றேன்.

"காலண்டர் கலர் சார். இது கறுப்பு வெள்ளை போட்டோ. காவி பூசுனா கரேல்னு வரும். நீலம் பூசுனா வெள்ளையாப் பூடும். உதட்டுக்குச் சிவப்பு வச்சா வாய்ல கரி அப்புனாப்பல இருக்கும். ஸ்வல்ப கம்முனு இருங்க."

சிவப்பு கறுப்பாக வருமாம், நீலம் வெள்ளையாக வருமாம். பொய்யை இன்னும் கொஞ்சம் நம்பும்படி சொல்லியிருக்கலாம். போட்டோக்காரரைப் பார்த்தேன்.

"கரெக்ட்தான் சார்" என்றார் அவர். "என்கிட்ட இருக்கறது பழைய டைப் கண்ணாடி பிளேட், படம் பதியறது அதுலதான். அதுக்குச் சிவப்பு தெரியாது. அதனாலதான் டார்க் ரூம்ல சிவப்பு லைட் போட்டு வேலை செய்யறோம்."

பொய் சொல்கிறவர் ஒருவராக இருந்தால் நான் ஒருவேளை நம்பியிருப்பேன். இருவரும் ஒரே வார்த்தை பேசினார்கள். மனுக்கள் பிரிவில் இதற்குக் கூட்டுச்சதி என்று பெயர். நூலகத்தில் ஒளியைப் பற்றி அரைப் புத்தகம் படித்தவன் நான். என்னைச் செங்கல்லாக மதராஸுக்கு அனுப்பி மச்சானுக்கு வழிவிடப் பார்க்கிறார்கள்!

ஒப்பனைக்காரர் டீ குடிக்க வெளியே போனார். போட்டோக்காரர் இருட்டறைக்குள் பிளேட்டை எடுக்கப் போனார். நான் பையிலிருந்து நீலப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்கு ஓடினேன். ஆம், முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தேன். சந்தேகப்படுகிறவன் தயாராகத்தான் வருவான். காவியைக் கழுவிவிட்டு முகம், மார்பு, வயிறு, இடது கை எல்லாவற்றுக்கும் நீலம் பூசினேன். உதட்டுக்குக் குங்குமம். வலது கைக்கு வந்தபோது நீலம் தீர்ந்துவிட்டது. தோள்வளையின் முடிச்சும் அவிழவில்லை. ஒரு கைதானே, கதாயுதம் மறைத்துக்கொள்ளும் என்று அதைக் காவியோடேயே விட்டுவிட்டேன்.

ஒப்பனைக்காரர் திரும்பி வந்து வாசலிலேயே நின்றார்.

"இன்னா சார் இது?"

"அசுரன்."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். உட்கார்ந்து என் வலது கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். காவியில் கொஞ்சம் கரி கலந்து, எனக்கு இல்லாத தசைகளை ஒவ்வொன்றாக வரைந்தார். "இது ஒண்ணாவது என்னுதா இருந்துட்டுப் போவட்டும்" என்றார்.

"வெயில் போயிட்டிருக்கு. யோசிச்சுக்கோங்க சார்" என்றார் போட்டோக்காரர். எடுக்கச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை படம் கைக்கு வந்தது. சுண்ணாம்புத் தொட்டியில் விழுந்து எழுந்தவன்போல ஒருவன் கரி தின்ற வாயோடு நின்றான். அவனுடைய வலது தோளிலிருந்து மட்டும் கன்னங்கரேலென்று, புடைத்த தசைகளோடு, பார்த்தவர் ஒரு அடி பின்வாங்கும்படியான ஒரு கை கதாயுதத்தை ஓங்கியிருந்தது. அது அசுரனின் கை, சந்தேகமில்லை. மறுபடி எடுக்க அவகாசம் இல்லை. அப்படியே தபாலில் சேர்த்தேன். அவர்கள் கலையை வேறுவிதமாகப் பார்ப்பவர்களாக இருக்கலாம் என்று ஒரு நப்பாசை. உடம்பு நீலம் போக ஒன்பது நாள் ஆயிற்று. அதுவரை என் சட்டைகள் வெளுத்ததுபோல் அதற்கு முன்னும் பின்னும் வெளுத்ததில்லை.

நண்பனுக்கு மதராஸிலிருந்து அழைப்பு வந்தது. அசுரர் கூட்டத்தில் பத்தில் ஒருவனாக நிற்க எடுத்துக்கொண்டார்கள். திரும்பி வந்ததும் என் மேஜைக்கு வந்தான்.

"உன் மச்சானுக்கு ரொம்ப சந்தோஷமா இருக்குமே" என்றேன்.

"எந்த மச்சான்? எனக்குக் கல்யாணமே ஆகல. கூடப் பொறந்தவங்களும் இல்ல."

"அப்ப ஓட்டல்ல பை-டூ காபி?"

"அதுவா? உனக்குத் தோள் கொஞ்சம் சரிவு, பாத்துத் தூக்கி விடுங்கன்னு உனக்காகத்தான்பா சொல்லிட்டிருந்தேன். நீ வந்துட்டே, நிறுத்திட்டோம்."

மனுக்களை அடுக்கி வைத்தேன், கலைத்தேன், மறுபடி அடுக்கினேன். கடைசியில் கேட்டேவிட்டேன். "என் போட்டோவப் பத்தி ஏதாவது பேசிக்கிட்டாங்களா?"

அவன் என் மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"படக் கம்பெனி மேனேஜர் ரொம்ப நேரம் பாத்தாருப்பா. அப்புறம் என்னைக் கேட்டாரு: 'இந்த வெள்ளை ஆளுக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னுக்கிட்டு கையை மட்டும் நீட்டறாரே, அவரை வரச் சொல்ல முடியுமா?'"