மாதம்மாள் கானாவில் பாசிமணி வாங்கிய வியாழக்கிழமை

மாதம்மாள் செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஓசூரில் காலமானார். மாரடைப்பு. எனக்கு இதை உறுதிசெய்தவர் அவருடைய கொழுந்தனார் முனிராஜ்; காலை ஆறு நாற்பதுக்குத் தொலைபேசியில் பேசினார். வயதைக் கேட்டேன். ஆதாரில் அறுபத்தொன்று, பள்ளிச் சான்றிதழில் அறுபத்துமூன்று என்றார். இரண்டையும் எழுதிவிடுகிறேன். அளவு விஷயத்தில் ஒன்றை மறைத்து ஒன்றைச் சொல்வது அவருக்குப் பிடிக்காது. சாமல்பட்டிக்குப் பக்கத்தில் அவருடைய கணவர் ஊரில் அன்று மாலையே அடக்கம் முடிந்தது.

சிப்காட்டில் வேலை பார்த்த உங்களில் பலருக்கு அவர் ‘கேஜ் மாதம்மா’. உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் இருபத்திரண்டு வருடம் தரப் பரிசோதகர். பிறகு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மூன்று லேத் இயந்திரங்களுடன் சொந்தப் பட்டறை. அந்தப் பட்டறையைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் ஒரே ஒரு வியாழக்கிழமையை எழுதுகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் செய்தியாளனாகச் சந்தைகளிலும் ஏலங்களிலும் நின்றிருக்கிறேன்; அப்படி ஒரு பேரத்தை வேறெங்கும் பார்த்ததில்லை. இதைத் தட்டச்சு செய்யும்போதுகூட நடுவில் இரண்டு முறை எழுந்து நடந்துவிட்டு வந்தேன்.

முதலில் காளையைச் சொல்ல வேண்டும். கணவர் இறந்தபின் மாதம்மாள் ஒரு செவலைக் கன்று வாங்கி ஊரில் விட்டிருந்தார். வளர்த்தது முனிராஜ். எருது விடும் விழாவில் காளை ஓடிவரும்போது மைக்கில் உரிமையாளர் பெயரைச் சொல்வார்கள். அது எப்போதும் முனிராஜின் பெயராகவே இருந்தது. ஒரு வருடம் மாதம்மாள் தன் பெயரைச் சொல்லச் சொன்னார். விழாக் கமிட்டி ஆட்கள் எதிரில் முனிராஜ் சிரித்தாராம்.

“ஏன் அண்ணி, தீனி நான் போடறேன், கயிறு நான் புடிக்கறேன். நீங்க மாட்டுக்கு இன்னா செஞ்சீங்க? கழுத்துல போல்ட்டு நட்டு கோத்துப் போடப் போறீங்களா?”

“கழுத்துக்குப் பாசிமணி நான் போடறேன் முனிராஜி. அதப் பாத்துட்டு யார் பேரச் சொல்லலாம்னு நீயே சொல்லு.”

இப்படி எல்லோரும் கேட்கச் சொல்லிவிட்டார். கிருஷ்ணகிரி கடைகளில் கிடைத்ததெல்லாம் பிளாஸ்டிக். அதைப் போட்டால் ஊர் சிரிக்கும் என்று அவருக்குத் தெரியும். விழாவுக்கு இரண்டு மாதம் இருந்தபோதுதான் ஓசூர் சிறுதொழில் முனைவோர் குழு ஒன்று கானா நாட்டுக்கு, அக்ரா நகரில் நடந்த இயந்திரக் கண்காட்சிக்குப் போனது. பதினோரு பேரில் ஒரே பெண் மாதம்மாள். செய்தி எழுத நானும் உடன் போனேன்.

கடைசி நாள் வியாழக்கிழமை, மாலையில் விமானம். மற்றவர்கள் குளிர்சாதன வணிக வளாகத்துக்குக் கிளம்ப, மாதம்மாள் விடுதி வரவேற்பறைப் பெண்ணிடம் பேசிவிட்டு என்னிடம் வந்தார். கொஃபொரிதுவா என்று ஓர் ஊர், வண்டியில் இரண்டு மணி நேரம், அங்கே வியாழன்தோறும் கண்ணாடிப் பாசிமணிக்கென்றே சந்தை கூடுகிறதாம். “நீங்க கூட வாங்க சார். இங்கிலீஷ்ல திட்டினா அர்த்தம் சொல்றதுக்கு ஆள் வேணும்” என்றார்.

செம்மண் ரோட்டோரம் இறங்கியதும் இருவரும் அப்படியே நின்றுவிட்டோம். தகரக் கொட்டகைகள் வரிசையாக இருந்தன. மரச்சட்டங்களில் சரம் சரமாகப் பாசிமணிகள் தொங்கின: மைநீலம், பீர் பாட்டில் பச்சை, செங்கல் சிவப்பு, வெள்ளையில் கறுப்புக் கோடு. மேசைகளில் குவியல் குவியலாக இன்னும் கிடந்தன. யாராவது ஒரு சரத்தை எடுத்தால் மழை பிடித்ததுபோல் ஒரு சத்தம் கேட்டது. மாதம்மாள் செருப்பை இழுத்துக்கொண்டு ஓடினார் என்றே சொல்ல வேண்டும். நடையில் நிதானம் உள்ளவர் என்று அவரை நினைத்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

ஏழாவது கடையில் கண்டுபிடித்தார். நெல்லிக்காய் அளவு, மஞ்சள் நிறம், ஒவ்வொன்றிலும் பச்சையும் காவியும் கலந்த கண். கடைக்காரப் பெண்ணுக்கு மாதம்மாள் வயதுதான் இருக்கும். பெயர் டெடே, அவர்கள் பக்கத்தில் மூத்த பெண்ணுக்கு வைக்கும் பெயராம். வாய் நிறைய ‘மை சிஸ்டர்’ என்று வரவேற்று, மாதம்மாளின் கழுத்தைக் கண்ணாலேயே அளந்து, சின்னச் சரங்களை எடுத்துப் போட்டார். பாசிமணி மாட்டுக்கு என்று மாதம்மாள் சொல்லவில்லை. என்னையும் சொல்லவிடவில்லை. குந்தாரப்பள்ளி மாட்டுச் சந்தையில் அப்பாவோடு போய்ப் பழகியவர் அவர். எதற்கு வாங்குகிறோம் என்று சொன்னால் விலை ஏறும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த பாடம்.

பிறகு கைப்பையிலிருந்து கேஜை எடுத்தார். அறியாதவர்களுக்கு: விரல் நீள எஃகுக் கம்பி, ஒரு முனை மெலிது, மறுமுனை தடிமன். துளைக்குள் மெலிந்த முனை போக வேண்டும், தடித்த முனை போகக் கூடாது. மாட்டுக்குக் கட்டும் பருத்திக் கயிற்றின் கனத்துக்குத் தன் பட்டறையிலேயே கடைந்து கொண்டுவந்திருந்தார். வலது கையில் கேஜ், இடது கையில் பாசிமணி. போட்டுப் பார்ப்பார். சரியாக இருந்தால் மேசையில் வைப்பார். இல்லாவிட்டால் டெடேவிடம் நீட்டுவார். துளைகள் ஒன்றுபோல் இல்லை. ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு என்று திருப்பிக் கொடுத்துக்கொண்டே போனார். டெடேவின் சிரிப்பு எந்தப் பாசிமணியில் நின்றது என்று நான் கவனிக்கவில்லை. செய்தியாளன் கவனித்திருக்க வேண்டும்.

டெடே ஒரு துணியை எடுத்து மேசை முழுவதையும் மூடினார். இன்று வியாபாரம் இல்லை என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாதம்மாள் அசரவில்லை. “ஆட்டம் காட்டுது சார். குந்தாரப்பள்ளியில விக்கறவன் கயித்த அவுத்துக்கினு போற மாதிரி போவான். நாம நாலடி போனா அவனே திரும்பக் கூப்பிடுவான்” என்றார். நாலடி போனோம். நாற்பதடி போனோம். யாரும் கூப்பிடவில்லை. அடுத்த கடைக்காரி எங்களைப் பார்த்ததும் கையை விரித்தார். அதற்கடுத்த கடையிலும் அதே கதை. மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. இரண்டு மணிக்குக் கிளம்பாவிட்டால் விமானம் போய்விடும். வேறு சந்தைக்கு நேரம் இல்லை, வேறு வியாழக்கிழமையும் இல்லை. மாதம்மாள் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு, “முனிராஜி இப்பவே சிரிக்கறது காதுல கேக்குது சார்” என்றார்.

பாசிமணி கோத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னை அருகே அழைத்துக் காரணம் சொன்னார். உன்னோடு வந்தவர் எட்டு முறை இடது கையால் கொடுத்தார். எங்கள் ஊரில் இடது கையால் கொடுத்தால் நீ அழுக்கு என்று சொன்னதாக அர்த்தம். அதோடு, துளை கோணலாக இருக்கிறதென்று குற்றம் வேறு. கண்ணாடித் தூளை மண் அச்சில் நிரப்பி, துளைக்குக் காசாவா இலைக்காம்பைச் செருகிச் சூளையில் வைக்கிறோம். காம்பு எரிந்த இடம்தான் துளை. எந்தக் காம்பு இன்னொன்றைப் போல இருக்கிறது?

நான் வந்து சொன்னதும் மாதம்மாள் தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தார். வெற்றிலை பாக்கிலிருந்து பஸ் டிக்கெட்டுக்குச் சில்லறை வரை எதையும் அந்தக் கையால் கொடுத்தறியாதவர்.

“நோ-கோன்னா, கேஜுல தேறாததுன்னா, இடது கை சார். இருபத்திரண்டு வருஷம் அப்படித்தான் தள்ளினேன். அந்தம்மா பாசிமணிய ஸ்கிராப் பெட்டியில போட்டுட்டேன்.”

அடுத்து, காசாவா என்றால் என்ன என்று கேட்டார். பெரியவர் கொட்டகைக்குப் பின்னால் கை காட்டினார். வேலியோரம் ஆள் உயரத்துக்குச் செடிகள் நின்றன. மாதம்மாள் ஒரு விநாடி பார்த்தார். “அட, இது குச்சிக்கிழங்கு சார். எங்க ஊட்டுல ரெண்டு ஏக்கர் கெடந்துது.” மரவள்ளியைத்தான் சொன்னார்.

அனுமதி கேட்டு நீளமான காம்பு ஒன்றை இலையோடு ஒடித்தார். மரவள்ளி விளையும் ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இந்த விளையாட்டு தெரிந்திருக்கும்: காம்பை விரற்கடை அளவுக்கு இந்தப் பக்கம் ஒரு ஒடி, அந்தப் பக்கம் ஒரு ஒடி, தோல் அறாமல் இழுத்தால் துண்டுகள் சங்கிலியாகத் தொங்கும், நுனியில் இலை பதக்கமாக நிற்கும். நின்ற இடத்திலேயே செய்துவிட்டார். இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, சந்தை நடுவே நடந்துபோய், வலது கையால் அந்த மாலையை டெடேவிடம் நீட்டினார். “ஸாரி அக்கா. ஹேண்ட் மிஸ்டேக்” என்றார். அக்கா என்ற சொல்லை நான் மொழிபெயர்க்கவில்லை.

டெடே அந்த மாலையை வலது கையால் வாங்கினார். பிறகு எழுந்து வேலியோரம் போனார். திரும்பி வரும்போது கையில் சிறிய காம்புகள் இரண்டு இருந்தன. அதே மாதிரி ஒடித்து மாதம்மாளின் காதுகளில் மாட்டிவிட்டு, “மாலை மட்டும் செய்தால் எப்படி, தோடு வேண்டாமா?” என்று கேட்டார். கொட்டகை முழுவதும் சிரித்தது. துணி விலகியது.

இப்போது மாதம்மாள் எதையும் மறைக்கவில்லை. கைபேசியில் காளையின் படத்தைக் காட்டினார். டெடே நெற்றியில் அடித்துக்கொண்டார். மாட்டுக்கென்று முதலிலேயே சொல்வதற்கென்ன, நான் மனுஷிக் கழுத்துக்கு உள்ளதை அல்லவா காட்டிக்கொண்டிருந்தேன் என்று, மேசைக்கடியிலிருந்து ஒரு கூடையை இழுத்தார். அதே மஞ்சள், இரண்டு மடங்கு பெரிது. துளைக்குள் கயிறு கேட்காமலே போனது. கேஜ் கைப்பைக்குள் போய்விட்டது.

பேரம் தொடங்கியபோது சுற்றிலும் பதினைந்து பேர் நின்றார்கள். டெடே கொஞ்சம் இறங்கினால் பக்கத்துக் கடைக்காரிகள் சத்தம் போட்டார்கள். அந்த விலைக்குக் கொடுத்தால் நாளைக்கு எங்களிடமும் கேட்பார்களே. மாதம்மாள் என் பக்கம் சாய்ந்து, “அந்தம்மா கொறைக்கத்தான் பாக்குது சார். இவங்க உட மாட்டேங்கறாங்க” என்றார். பிறகு முந்தானையை விரித்து டெடேவின் வலது கைமேல் போட்டு, தன் வலது கையை உள்ளே விட்டார்.

குந்தாரப்பள்ளியில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு விரல் பிடித்தால் ஒரு நூறு, இரண்டு பிடித்தால் இரண்டு. சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. டெடேவுக்கு முதலில் கூசியது, கையை இழுத்துக்கொண்டார். மாதம்மாள் ‘ஒன் பிங்கர், ஒன் ஹண்ட்ரட்’ என்று மெதுவாகச் சொல்லி மறுபடி பிடித்தார். இரண்டாம் முறை டெடேவின் கண்கள் விரிந்தன. மூன்றாம் முறை அவரே பிடித்தார். அப்புறம் வாயில் ஒரு சொல் இல்லை. முந்தானை துள்ளியது. ஒருவர் உதட்டைப் பிதுக்க, மற்றவர் தலையை ஆட்ட, கூட்டம் எட்டி எட்டிப் பார்த்துக் கத்தியது. நானும் ஏதோ கத்தினேன்; எந்த மொழியில் என்று நினைவில்லை. திடீரென்று முந்தானை அசைவது நின்றது. இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

என்ன விலைக்கு முடிந்தது என்பது உறுதிசெய்யப்படவில்லை. வண்டியில் கேட்டேன், விமானத்தில் கேட்டேன், போன மாதம்கூடக் கேட்டேன். “துண்டுக்குள்ள பேசினது துண்டோட போச்சு சார்” என்பதே அவருடைய பதில்.

அந்த வருட விழாவில் காளையைக் கோயில் சுற்றி நடத்தி வந்தபோது நான் இருந்தேன். ஓட விடுவதற்கு முன் பாசிமணி மாலையைக் கழற்றிவிட்டார்கள். கண்ணாடி உடைந்தால் மாட்டுக்கு ஆகாது. காளை எத்தனையாவதாக வந்தது என்று என் குறிப்பில் இல்லை, ஏனென்றால் கூட்டத்தில் பாதி மாலையைச் சுற்றித்தான் நின்றது. முனிராஜ் அதைக் கையில் வாங்கி எடை பார்த்தார். நேராக மைக் வைத்திருந்தவரிடம் போனார். “மாதம்மாள் காளை வருது, வழி உடுங்க” என்று அறிவிப்பு வந்தது.

செய்தியாளனாக நானும் தவறுகள் செய்து திருத்தங்கள் போட்டிருக்கிறேன். எல்லாம் மறுநாள், உள்பக்கத்தில், பொடி எழுத்தில். மாதம்மாள் தன் திருத்தத்தைத் தவறு நடந்த இடத்திலேயே, எல்லோரும் பார்க்க, தவறு செய்த கையை மறைத்துக்கொண்டு போட்டார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான்.

டெடேவுக்குச் செவ்வாய்க்கிழமை மாலை குரல்பதிவு அனுப்பினேன். இதை எழுதும் புதன்கிழமை வரை அவர் கேட்கவில்லை. நாளை சந்தை நாள், கைபேசியைப் பார்ப்பார்.

ஊரில் இன்னொரு விஷயம் முடியவில்லை. சாவு நடந்த வீட்டு மாட்டை அந்த வருடம் விடுவதில்லை என்பது வழக்கம். வேறு வீட்டார் கயிறு பிடிக்கட்டும், பெயர் மட்டும் அண்ணி பெயராகவே இருக்கட்டும் என்று முனிராஜ் கமிட்டியிடம் கேட்டிருக்கிறார். இரண்டு பேர் ஒத்துக்கொள்ளவில்லை, மற்றவர்கள் யோசிக்கிறார்கள். மைக்கில் மாதம்மாள் பெயர் வருமா என்பது வரும் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் முடிவாகும்.