லினக்ஸ் காட்டிய முதல் எடை

பொறுமை என்பது என் ஜாதகத்திலேயே கிடையாது. அப்படிப்பட்டவள் போய் லினக்ஸ் கற்றுக்கொண்டதை என்னவென்று சொல்ல.

கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையின் எடைமேடையில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். லாரி மேடையில் ஏறி நிற்கும். எடை திரையில் வரும். சீட்டு அடித்துக் கொடுப்பேன். எடை காட்டும் பெட்டியின் விளக்கு அணைந்து வெகுநாள் ஆனதால் எல்லாவற்றுக்கும் என் திரைதான் கதி. திருட்டு விண்டோஸில் வைரஸ் புகுந்து கம்ப்யூட்டர் படுத்துவிட்டபோது, "லினக்ஸ் போடலாம் சார், நான் பாத்துக்கறேன்" என்று மேனேஜரிடம் வாயைக் கொடுத்தேன். போட்டும் முடித்தேன். ஆனால் மேடையிலிருந்து வரும் ஒயரைச் செருகும் அடாப்டரை லினக்ஸுக்கு அடையாளமே தெரியவில்லை. மறுநாள் காலை லாரிகள் ரோடு வரை நின்றன.

"சாயங்காலத்துக்குள்ள ஓடலன்னா வேற ஆள வெச்சுக்கறேன். நீ நாளைலர்ந்து ஊட்லயே இரும்மா" என்றார் மேனேஜர். வீட்டிலா? அங்கே மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலை போனால் அடுத்த முகூர்த்தத்திலேயே என்னைத் தள்ளிவிடுவார்கள்.

அடாப்டருக்கான மென்பொருளை மீஞ்சூர் பிரவுசிங் சென்டரில் இறக்கி சிடியில் கொண்டு வந்திருந்தேன். சோர்ஸ் கோடாகத்தான் கிடைத்தது. கடை மாவு இல்லை, அரிசியும் உளுந்தும். நாமே அரைத்துக்கொள்ள வேண்டும். கம்பைல் செய்யத் தட்டினேன். வரிகள் சரசரவென்று ஓடி நின்றன. ஏதோ ஒரு ஃபைல் இல்லையாம். தேடிப் போட்டால் இன்னொன்று இல்லையாம். சம்பந்தி வீட்டார் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டது. பாதியில் கரண்ட் வேறு போனது.

மேடையில் நின்ற லாரியின் டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"இன்னா மேடம், காலைலர்ந்து தட்டிக்கினே கீறீங்க? நெல்லூர் போவணும். பேஜாரா கீது."

"தட்டாம தாலாட்டவா சொல்ற? போய் டீ குடிண்ணா!" என்று ஜன்னலைச் சாத்தினேன்.

ஒருவழியாகப் பிழை எதுவும் இல்லாமல் கம்பைல் முடிந்தது. இன்ஸ்டால் செய்து, எடை போடும் புரோகிராமைத் திறந்தேன். பூஜ்யம். மேடையில் லாரி நிற்கிறது, திரையில் பூஜ்யம்! எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி கம்பைல் செய்தேன். அப்போதும் பூஜ்யம். பின்னால் வந்து நின்ற மேனேஜர் வேறு ஆளைக் கூப்பிட செல்போனை எடுத்தார். எனக்கு அழுகை முட்டியது. அவர் பார்க்கக் கூடாதென்று கதவைத் திறந்து வெளியே ஓடினேன்.

மேடையில் லாரியைக் காணோம்.

எதிர் மரத்தடியில் அதை நிறுத்திவிட்டு டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். "நீங்கதான மேடம் போவ சொன்னீங்க? வெயில் தாங்கல, நெழலாண்ட உட்டேன்."

வந்த ஆத்திரத்தில் மேடை நடுவில் போய் நின்று கத்தினேன். "எடுத்தா சொல்லிட்டு எடுக்க மாட்டியாண்ணா? என் வேலையே போவுது இங்க!"

அதற்குள் உள்ளேயிருந்து மேனேஜர் குரல் கொடுத்தார், ரோடு வரை நின்ற அத்தனை லாரிக்கும் கேட்கும்படி. "ஏம்மா! அறுபது கிலோ காட்டுது!"

மாப்பிள்ளை வீட்டுக்கு ஐம்பது என்று சொல்லி வைத்திருந்தோம். டிரைவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் மேடையை விட்டு இறங்கவில்லை.

"சரியா கேக்கல சார்," என்றேன். "இன்னொரு வாட்டி சத்தமா சொல்லுங்க."