காலி அறைப் பதிவு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடுராத்திரியில் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம், 3:10-க்கு நடந்தது. வெளியே நல்ல வெயில். எனக்குக் காய்ச்சல் இல்லை, முந்தைய நாள் நன்றாகத் தூங்கியும் இருந்தேன். பத்து நிமிடப் பதிவு ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் கேட்டால் அனுப்புகிறேன்.

நாங்கள் மொத்தம் பதினைந்து பேர். ஆளுக்கொரு நாட்டில், ஆளுக்கொரு ஆய்வகத்தில் இருந்துகொண்டு, ஒரே பயிற்சித் திட்டத்தின் கீழ் ரேடாரில் முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர்கள். ரேடாரால் அளப்பதற்கு ஒருவருக்குக் கார், ஒருவருக்கு மழை என்று பிரித்துக் கொடுத்திருந்தார்கள். எனக்கு மூச்சு. உடம்பில் எந்த ஒயரும் ஒட்டத் தேவையில்லை. ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்த ஒரு சின்னப் பெட்டி, ஒருவருடைய நெஞ்சு ஏறி இறங்குவதைக் கண்டுபிடித்துவிடும். திரையில் அது அலையாக ஓடும்.

அளப்பதற்கு ஒரு விதி உண்டு. முதலில் ஆளில்லாத அறையைப் பத்து நிமிடம் பதிவு செய்ய வேண்டும். நாற்காலி, சுவர், கதவு எல்லாம் திருப்பி அனுப்பும் எதிரொலி அதில் இருக்கும். அதை அப்புறம் கழித்துவிடுவோம். மிஞ்சுவதுதான் மனிதன். சில சமயம் சுவரில் பட்டுத் திரும்பும் அலை, இல்லாத ஆளை இருப்பதுபோலக் காட்டும். எங்கள் தொழிலில் அதற்குப் பெயரே பேய். அதனால் எங்களிடம் வந்து பேய் என்றால் யாரும் பயப்பட மாட்டார்கள்.

நாற்காலியில் உட்கார எனக்குக் கிடைத்த ஆள் என் கணவன். பார்சல் கிடங்கில் இரவு வேலை. காலையில் நேராக ஆய்வகத்துக்கு வந்து, உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் தூங்கிவிடுவான்.

"மூச்சு விடுறதையே ஒரு வேலையா பாக்குற ஆளு உலகத்துலயே நான் ஒருத்தன்தான், டாக்டரம்மா."

"தூங்குறதையும் சேத்துக்கோ."

காலி அறைப் பதிவு முடியும்வரை கதவுக்கு வெளியே நிற்பான். முடிந்ததும் மூன்று தட்டு. "வரட்டுமா?" என்பான். வேலைக்குக் கிளம்பும்போதும் அதே "வரட்டுமா?"தான்.

"உள்ள வரவா, கிளம்பவா? தெளிவா கேளேன்."

"அது நீ சொல்ற பதிலைப் பொறுத்தது."

தூக்கத்தில் எடுத்த பதிவுகளில் அவனுடைய அலை அங்கங்கே நின்றது. சில நொடிகள் தட்டையான கோடு. பிறகு மறுபடி ஓடியது. அசைந்திருப்பான், பெட்டி தவறவிட்டிருக்கும் என்று நினைத்தேன். வரைபடத்தின் அழகு கெட்டது. அந்த இடங்களை வெட்டினேன். ஒவ்வொன்றும் எத்தனை நொடி என்று குறிப்பேட்டில் எழுதிவைத்துவிட்டு, கணினியில் இடத்தை அடைக்கிறதே என்று மூலப் பதிவை அழித்தேன்.

அந்த வருடம் எங்கள் திட்டத்தின் பயிற்சி வாரத்துக்குப் பதினைந்து பேரும் வேறொரு நாட்டில் கூடினோம். மேடையில் அவனுடைய மூச்சைக் காட்டினேன். ஓர் இடத்தில்கூட நிற்காத, அழகான அலை. எல்லோரும் கை தட்டினார்கள்.

அன்று காலை அவன் தூக்கத்திலேயே இறந்துபோயிருந்தான்.

"தூக்கத்துல மூச்சு நிக்குமா? எப்பவாவது கவனிச்சிருக்கீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்ல," என்றேன்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். பெட்டி தவறவிட்டதா? இல்லை, உண்மையிலேயே அவன் மூச்சு நின்றதா? பதில் இருந்த பதிவை நானே அழித்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மறுநாள் புது ஆளை அளக்க வேண்டும். அதற்கு ஒரு காலி அறைப் பதிவு தேவை. கட்டடத்தில் நான் மட்டும். அறைக் கதவைச் சாத்திவிட்டு, பக்கத்து அறையில் திரை முன்னால் உட்கார்ந்தேன். நடுவில் ஒரு கண்ணாடி. இரண்டு பக்கமும் பேசுவதற்கு மைக், கேட்பதற்கு ஸ்பீக்கர். 3:10. பதிவு தொடங்கியது.

3:11. திரையில் ஓர் அலை.

ஒன்றரை மீட்டரில். சரியாக நாற்காலி இருந்த இடத்தில்.

எங்கள் ஆய்வகத்தில் என் பக்கத்து மேசைக்காரிக்குச் செய்தி அனுப்பினேன். என்னைவிட ஒரு வருடம் இளையவள்.

"காலி ரூம்ல மூச்சு தெரியுது."

"பேய்தான்க்கா. ஏசியை நிறுத்திப் பாருங்க."

நிறுத்தினேன். அலை நிற்கவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

ஏறும்போது ஒரு சின்னத் தடுக்கல். இறங்கும்போது நீளமாக, சோம்பலாக... இரண்டு வருடம் பார்த்த அலை. கையெழுத்து மாதிரி. மறக்குமா?

3:13. அலை நின்றது. பதினொரு நொடி. மறுபடி ஓடியது.

அடுத்தது பதினான்கு. பிறகு ஒன்பது. பத்தொன்பது. இருபத்து மூன்று.

3:18. ஆறாவது முறை நின்றது.

இருபது... முப்பது...

நாற்பது...

மைக்கை அழுத்தினேன்.

"மூச்சு விடு."

நாற்பத்தொன்று... நாற்பத்திரண்டு...

"மூச்சு விடுடா."

அலை எழுந்தது.

3:20. பதிவு முடிந்தது. திரையில் வழக்கமான கேள்வி. அறை காலிதானா? ஆம் என்று அழுத்தினால், இனி எடுக்கும் எல்லா அளவிலிருந்தும் அந்த மூச்சு கழிந்துவிடும். என் விரல் நகரவில்லை.

தட். தட். தட்.

அறைக் கதவு.

தட்டியது உள்ளேயிருந்து.

ஸ்பீக்கரில் தூக்கக் கலக்கத்தோடு ஒரு குரல்...

"வரட்டுமா?"

போயிட்டு வா என்று சொல்லியிருக்க வேண்டும். தெரியும்.

"வா," என்றேன்.

கதவைத் திறந்தேன். யாரும் இல்லை. திரும்பி வந்து பார்த்தபோது திரையில் நேரலைக் கோடு தட்டையாகக் கிடந்தது. அறை காலிதானா என்ற கேள்வி இன்னும் அங்கேயே இருந்தது. 'இல்லை' என்பதை அழுத்தினேன்.

மறுநாள் பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். நான் வெட்டி எறிந்த இடங்கள் என் கையெழுத்திலேயே இருந்தன. 11, 14, 9, 19, 23. அதே எண்கள், அதே வரிசை. பெட்டி எதையும் தவறவிடவில்லை.

ஆறாவது என் குறிப்பில் இல்லை. அது நடந்த காலையில் நான் பக்கத்தில் இல்லை.

மூன்று வாரம் கழித்து, ஆள் கிடைக்கவில்லை என்று பக்கத்து மேசைக்காரி என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னாள். காலி அறைப் பதிவைச் சுத்தமாக எடுத்து முடித்திருந்தாள். உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஸ்பீக்கரில் அவள் குரல் கேட்டது.

"அக்கா, அசையாதீங்க. ரெண்டு மூச்சு தெரியுது."

"எங்க?"

"ரெண்டும் நாற்காலியிலதான். ஒன்னு உங்களோடது. இன்னொன்னு அப்பப்ப நின்னு நின்னு ஓடுது. பேய்தான். வெட்டிடறேன்."

"வெட்டாதம்மா," என்றேன். "அது நிக்குறப்ப மட்டும் எனக்குச் சொல்லு."