பியருக்குப் பிடித்த இடம்

சின்னச் சின்ன ஆலைகளில் காய்ச்சிய பியரை ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து ருசி பார்ப்பது என்று ஆபீஸ் நண்பர்கள் நான்கு பேரும் நானும் முடிவு செய்தோம். இடம் பிடிப்பது என் வேலை. எல்லார் வீட்டிலும் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து ஆறு மாதத்துக்குத் தங்கியிருந்தார்கள். ஆனால் நியூஜெர்சியில் மது லைசென்ஸ் இல்லாத உணவகங்களுக்கு நாமே பாட்டில் கொண்டுபோகலாம். நேராக எடிசனில் நானும் என் கணவரும் வழக்கமாகத் தோசை சாப்பிடும் கடைக்குப் போனேன்.

முதலாளி இழுத்தார். “ஃபேமிலி வர்ற இடம் மேடம். சார் வரட்டும், பேசிக்கலாம்.”

“சாருக்கு இதுல ஒண்ணும் தெரியாது. என்கிட்டயே பேசுங்க.”

செவ்வாய்க்கிழமை கூட்டம் இருக்காது, பின்பக்க ஹாலை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்குத் தெரியும், ஒத்துக்கொள்வார் என்று.

அன்று அவரே வந்து கிளாஸ் வைத்தார். நண்பர்களுக்கு நான்கு, என் கணவருக்கு ஒன்று. எனக்குக் கேட்காமலே மேங்கோ லஸ்ஸி, ஸ்ட்ரா போட்டு.

என் கணவர் வண்டி ஓட்ட வந்தவர். பியர் வாசனைக்கே முகத்தைத் திருப்பிக்கொள்வார். லஸ்ஸியை அவர் பக்கம் தள்ளினேன், அவருடைய கிளாஸை என் பக்கம் இழுத்தேன், கைப்பையிலிருந்து ஓப்பனரை எடுத்து முதல் பாட்டிலைத் திறந்தேன்.

முதலாளி துக்கம் விசாரிக்க வந்தவர்போல என் கணவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

என் கணவர் ஸ்ட்ராவிலிருந்து வாயை எடுத்தார். “நல்லா இருக்கு சார். இன்னொண்ணு கிடைக்குமா?”