மச்சான் பிடித்த கயிறு

திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிறவனுக்குப் பெண் பார்க்கும்போது நகை நட்டுப் பேச்செல்லாம் அப்புறம்தான். பெண்ணுக்கு அண்ணனோ தம்பியோ உண்டா என்பதுதான் முதல் கேள்வி. கடலுக்கடியில் இருப்பவனின் இடுப்புக் கயிற்றையும் காற்றுக் குழாயையும் படகில் உட்கார்ந்து பிடித்திருப்பவன், அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவனாகத்தான் இருக்க வேண்டும். வேறு யாரை நம்புவது? கூடப் பிறந்தவளின் தாலியை அறுக்க எவனும் கயிற்றை விடமாட்டான்.

ஜெரால்டு பிளாரன்ஸைக் கட்டியதே அவள் அண்ணன் அம்புரோஸின் கைக்காகத்தான் என்று என் கடையில் கேலி பேசுவார்கள். நான் சங்கரலிங்கம், கயிறும் குழாயும் விற்கிறவன். ஜெரால்டு கடைக்குள் நுழைந்தால் என் நிம்மதி போய்விடும். "அண்ணாச்சி, ஒம்ம கயிறு அந்து நான் செத்தேன்னு வையும், பேயா வந்து ஒம்ம கல்லாவுலதான் உக்காருவேன்" என்பான். வாய்க்கொழுப்புப் பிடித்த பயல். இருந்தாலும் எனக்குப் பிடிக்கும். அம்புரோஸ் அவனுக்கு நேர்மாறு. குழாயைக் கொடுத்தால் நுனியிலிருந்து நுனிவரை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவான்.

இந்தக் கடலின் லட்சணத்தையும் சொல்லிவிட வேண்டும். மன்னார் வளைகுடாவில் எங்கள் பக்கம் ஆழம் குறைவு. அதுதான் வினை. மனிதன் மூச்சடக்கிப் போய்த் தொடுகிற தூரத்தில் முத்துச்சிப்பி கிடந்ததால், பாண்டியன், போர்ச்சுக்கீசியன், டச்சுக்காரன், வெள்ளைக்காரன் எல்லாரும் என்னுது உன்னுது என்று அடித்துக்கொண்டார்கள். ஒரு பயலாவது தலையை நனைத்திருப்பானா? முத்து போனது, சங்கு மிஞ்சியது. வங்காளத்துக் கல்யாணப் பெண்களுக்கு வளையல் அறுக்க இங்கிருந்துதான் சங்கு போகிறது. கப்பலுக்கோ ஆழம் வேண்டும் என்று துறைமுகத்தில் தோண்டினார்கள். தோண்டிய சேறோ, ஊர்க் கழிவோ, எதுவோ ஒன்று கரைக்குப் பக்கத்துச் சங்குப் படுகையை மூடிவிட்டது. இனிச் சங்கு வேண்டுமென்றால் தூரம் போக வேண்டும். தூரத்திலே இரண்டு அரசாங்கங்கள் சேர்ந்து போட்ட ஒரு எல்லைக் கோடு இருக்கிறது. தாண்டினால் அக்கரை ரோந்துப் படகு பிடித்துக்கொண்டு போகும். சங்குக்குக் கோடு தெரியுமா, மண்ணாங்கட்டி!

அன்று காலை அவர்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நின்றார்கள்; ஆனால் ரோந்து கோடு பார்த்தா பிடிக்கும்? ஜெரால்டு கீழே இருந்தான். ஆழத்தில் வெகு நேரம் இருந்தவன் ஒரே மூச்சில் மேலே வரக் கூடாது. பாதி வழியில் நின்று, உடம்பில் ஏறிய காற்று அடங்கிய பிறகு வர வேண்டும். இல்லையென்றால் கைகால் விளங்காது. இது திரேஸ்புரத்தில் எல்லாருக்கும் தெரியும். கிழக்கே சாம்பல் நிறத்தில் ஒரு படகு வந்தது. சுக்கான் பிடித்திருந்த கூட்டாளி மகாராஜா கத்தினான்.

"ஏலே, ரோந்து வாரான்! ஒன் மச்சானத் தூக்கு!"

தங்கச்சி புருசன் அக்கரை ஜெயிலில் கிடக்கக் கூடாது. அம்புரோஸ் மனதில் ஓடியது அது ஒன்றுதான். உள்ளங்கை கிழியக் கிழிய ஒரே இழுப்பாக இழுத்துவிட்டான்.

அந்தப் படகு இவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெளியே காத்து நின்ற கப்பலுக்குத் தண்ணீரும் காய்கறியும் கொடுத்துவிட்டு வருகிற நம்ம ஊர்ப் படகு. புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

ஜெரால்டு விழுந்து விழுந்து சிரித்தான். "காய்கறிக்காரனுக்குப் பயந்தா வே என்னையத் தூக்குனீரு?" என்று கேட்டுப் பீடி பற்றவைத்தான். பீடி முடிவதற்குள் கால் மரத்தது. கரை சேரும்போது இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தூக்கிக்கொண்டு அலைந்தும் அது திரும்பவில்லை.

பிளாரன்ஸ் நடுத்தெருவில் மண்ணை வாரித் தூற்றினாள். "எம்புருசன் கால எடுத்தவனே, ஒனக்கும் கால் வெளங்காமப் போவும்! மாதாவே, நீ கேளு!" சொந்த அண்ணனை.  இரண்டு வீட்டுக்கும் சோறு வேண்டுமே, அம்புரோஸே சங்கு குளிக்க இறங்கினான். கல்யாணம் ஆகாதவன், மனைவி வழியில் கயிறு பிடிக்க ஆள் ஏது?

கட்டிலில் கிடந்த ஜெரால்டு கேட்டான்: "ஏன், நான் அவனுக்கு மச்சான் இல்லையா? கை ரெண்டும் நல்லாத்தான இருக்கு? தூக்கிட்டுப் போயி படகுல போடுங்கல."

ஊர் பதறிப்போனது. பழிவாங்கத்தான் கேட்கிறான் என்று என் கடையிலேயே பேசினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், எதற்குப் பொய்? சபித்த பிளாரன்ஸே அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"வேண்டாம்ணே. அவரு கையில கயித்தக் குடுக்காத. தூக்கத்துல ஒம்பேரச் சொல்லிப் பல்லக் கடிக்காரு."

"கடிக்கட்டும்ளா. பட்டது அவருதான?" என்றான் அம்புரோஸ். கயிற்றைக் கொண்டுபோய் ஜெரால்டின் மடியில் வைத்தான்.

மாதக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. சங்கு குறையக் குறையப் படகு கிழக்கே கிழக்கே போய், கடைசியில் கோட்டையும் தாண்டியது. அன்று வந்தது காய்கறிப் படகு இல்லை.

"ரோந்துதான்வே! கொடி தெரியுது! இழும்!" என்று மகாராஜா அலறினான்.

ஜெரால்டு இழுத்தான். பாதியில் நிறுத்திவிட்டான்.

"ஏன்வே நிறுத்திட்டீரு?"

"அவன் இன்னும் கொஞ்சம் நிக்கணும்."

"மூணு பேரும் ஜெயிலுக்குப் போவணும்வே!"

"போவம்."

மகாராஜா என்ஜின் பக்கம் பாய்ந்தான். ஜெரால்டு கத்தியை எடுத்துவிட்டான். "படகு அசைஞ்சுது, சொருகிருவேன். அவனாவது நடக்கணும்ல."

ரோந்துக்காரர்கள் வந்து ஏறியபோதும் அவன் கயிற்றை விடவில்லை. அம்புரோஸ் வர வேண்டிய நேரத்துக்குத்தான் வந்தான். தன் காலாலேயே படகில் ஏறி, கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். மகாராஜா விடுதலையாகி வந்து என் கடையில் உட்கார்ந்து சொன்னது இது.

அக்கரை ஜெயிலில் நடக்க முடிந்தவர்கள் ஒரு கொட்டடி, முடியாதவர்கள் வேறு கொட்டடி. வீட்டில் ஜெரால்டைப் புரட்டிப் படுக்கவைக்கப் பிளாரன்ஸ் இருந்தாள், படகில் அம்புரோஸ் இருந்தான். அங்கே யாருமில்லை. முதுகெல்லாம் புண்ணாகி, சீழ் வைத்து, காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் அம்புரோஸ் நல்ல காலோடு நடந்துகொண்டிருந்தான். அவனும் நொண்டியாகியிருந்தால் இரண்டு பேரும் ஒரே இடத்தில் கிடந்திருப்பார்கள். 

விடுதலையாகி, சவப்பெட்டியோடு அம்புரோஸ் வந்தான். பிளாரன்ஸ் முதலில் பெட்டியைப் பார்க்கவில்லை. தெருவில் நடந்து வருகிற அண்ணனின் காலைத்தான் பார்த்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்க என் கடைக் கயிறுதான். தலைமாட்டுக் கயிற்றை அம்புரோஸ் எடுத்தான். யாரும் தடுக்கவில்லை. பெட்டி குழிக்குள் இறங்கத் தொடங்கியதும் பிளாரன்ஸ் எழுந்து அவனுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"மெதுவாண்ணே," என்றாள். "இந்தத் தடவையாவது மெதுவா."